நாற்றுப் பண்ணைக்கு வழி கேட்டவர்கள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடையின் மாடியில் எனக்கு ஒரு அறை உண்டு. கீழேயிருந்து யூரியா நெடி வரும், மேலே மின்விசிறி அதைக் கலக்கிவிடும். அங்கே உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாக நான் செய்கிற வேலை, சின்னச் சின்னக் கடைக்காரர்களின் வெப்சைட்டை நெட்டில் தேடுகிறவர்களின் கண்ணில் படவைப்பது. சொல்லும்போது ஒரு வரிதான். இதை இந்த ஊர் வியாபாரிக்கு விளக்கிச் சொன்னால், எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல நிற்பார்.

படியேறி வருகிறவர் யாராக இருந்தாலும் செய்கிற முதல் காரியம் ஒன்றுதான். ஃபோனை எடுப்பார், கடைப் பெயரைத் தானே அடிப்பார், என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நாமதான் மொத ஆளா வாரோம் சார் என்பார். வராமல் என்ன செய்யும்? காலையில் பல் விளக்குவதற்கு முன் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுமுன் ஒரு தடவை என்று தன் கடையைத் தானே திறந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு, அவருடைய ஃபோன் அவர் கடையைத்தான் முதலில் காட்டும். நாம் எதை ஓயாமல் பார்க்கிறோமோ அதையே ஃபோன் நமக்கு முன்னால் எடுத்துவைக்கும், அடுத்தவன் ஃபோனில் அப்படி வராது என்று சொன்னால் நம்ப மாட்டார். சாட்சிக்கு வீட்டுக்கு ஃபோன் போட்டு மனைவியைத் தேடச் சொல்வார். அந்தம்மாவும் தினமும் அதையே பார்க்கிறவர். அங்கேயும் முதலில்தான் வரும். தீர்ந்தது விசாரணை. தன் ஃபோனைப் பார்த்துத் தானே ஏமாறுகிற இந்த ஜென்மங்களுக்கு நான் மனதுக்குள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தேன். அதை இங்கே எழுத முடியாது.

ரிவ்யூ விஷயம் இன்னும் கேவலம். கடைக்கு வந்து போனவர்கள் நல்லது கெட்டது எழுதுகிற இடம் அது. இவர்களோ குடும்பக் குரூப்பில் உத்தரவு போட்டு, மாமன் மச்சான் எல்லோரையும் ஐந்து ஸ்டார் போட வைப்பார்கள். எழுதச் சொன்னால் என்ன எழுதுவதென்று யாருக்கும் தெரியாது. ஒரு டயர் கடைக்கு அவருடைய சம்பந்தி "இனிய திருமண நாள் வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார். ஒரு ரொட்டிக் கடைக்கு யாரோ ஒருவர் "ஆமென்" என்று மட்டும் போட்டிருந்தார். இதையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். சாயங்காலம் டீக்கடையில் சேக்காளிகளிடம் சொல்லிச் சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது இந்த ஊரில்?

என் அப்பா மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அடுத்தவர்களைத் திருத்துகிற வியாதி அவர் வழியாக எனக்கு வந்தது. பிள்ளைகளை அடித்துவிட்டு, பின்னால் தலையைத் தடவிக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அது மட்டும் வரவில்லை.

நாற்றுப் பண்ணைக்கார அம்மா வந்தது ஆவணிக் கடைசியில். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழித்தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். குழிக்கு ஒன்றாகத் தக்காளி நாற்று, தட்டு நிறைய. கும்பிட்டுவிட்டு அதை நேராக என் மேசைமேல் வைத்தார். தேங்காய் நாரும் தண்ணீரும் என் கீபோர்டில் சிந்தின. ஒரு காரியம் வேண்டுமானால் வாயால் சொன்னால் போதாதா, தட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டுமா என்று எனக்கு எரிச்சல். "எங்க நாத்து எப்பிடி இருக்குன்னு நீங்க பாக்கணும்ல அண்ணே" என்றார் அவர்.

விஷயம் இதுதான். கொடைரோட்டுக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு நாற்றுப் பண்ணை. பச்சை நிழல்வலை போட்ட கொட்டகைக்குள் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைத் தட்டில் வளர்த்து விவசாயிகளுக்கு விற்பது தொழில். முன்பெல்லாம் ரோட்டில் போகிற காய்கறி வண்டிக்காரர்கள் வலையைப் பார்த்து நிறுத்தி வாங்கிப் போவார்கள். மேம்பாலம் வந்தபின் வண்டியெல்லாம் தலைக்கு மேலே பறக்கிறது, கீழே ஒரு பண்ணை இருப்பது எவனுக்கும் தெரியாது. நிலமோ கணவரின் அண்ணன் பெயரில் இருக்கிறது. அந்த மூத்தாருக்கு அதை மனை போட்டு விற்க வேண்டும் என்று ஆசை. ஆட்கள் வந்து அளந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்கள். கடைசியாக ஒரு போகம் பார், தட்டு காலியானால் பண்ணை இருக்கட்டும், இல்லையென்றால் தீபாவளிக்கு மறுநாள் வலையைப் பிரித்துவிடு என்று சொல்லியிருந்தார். கணவர் பால் வண்டி ஓட்டுகிறார், வாயில்லாப் பூச்சி. ஆக, ஐப்பசி மழைக்கு நடுகிற விவசாயிகள் இந்தப் பண்ணையைக் கண்டுபிடித்து வந்தால் பண்ணை பிழைக்கும். வராவிட்டால் மனை. அந்தம்மா இதை அழாமல், கூட்டிக் குறைக்காமல் சொன்னார்.

"நாத்துக்கு இருபத்தஞ்சு நாள்தாண்ணே. மிஞ்சிப்போனா இன்னும் பத்து நாள் தாங்கும். அதுக்கப்பறம் முத்திப்போயிரும், எவனும் தொட மாட்டான். வர்ற வெள்ளிக்கெழம வெத போடுறோம்" என்றார்.

வெப்சைட் ஏற்கெனவே இருந்தது. செய்தவர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் அடிக்கிற அந்த மேதை, இதையும் ஒரு பேனராகவே அடித்து நெட்டில் தொங்கவிட்டிருந்தார். மேலே குலசாமி படம். நடுவில் கும்பிட்ட கையோடு மூத்தார், ஆள் உயரத்துக்கு. அவர் காலடியில் தபால்தலை அளவில் நாற்று. பெயர், ஊர், என்ன விற்கிறோம் என்கிற விவரம் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே மினுக்கு எழுத்தில் இருந்தன. தேடுகிற மெஷினுக்கு அது வெறும் படம். அதில் ஒரு எழுத்துகூட அதற்குத் தெரியாது. தக்காளி நாற்று என்று உலகமே தேடினாலும் இந்தப் பக்கம் வராது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மேப்பில் கடையைப் பதிவு செய்தாகிவிட்டதா என்று கேட்டேன். அதெல்லாம் முறைப்படி செய்தாயிற்று என்று தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, உடைத்த தேங்காய், நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு ஃபோன். பக்கத்தில் விபூதித் தட்டோடு ஒரு பூசாரி.

"குலசாமி கோயில்ல வச்சுத்தாண்ணே தொறந்தோம். பத்தரை மணிக்கு நல்ல நேரம். பூசாரி தீவாரதனை காட்ட, என் கையாலயே அமுக்கினேன்."

ஃபோனுக்குக் குங்குமம். நான் அதற்கும் சிரித்தேன். அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் அது நாலு பேர் கை மாறியது.

வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தேன், அதில் குறை சொல்ல முடியாது. பேனரைத் தூக்கி எறிந்தேன். மூத்தாரைத் தூக்கி எறிந்தேன். என்ன ரகம், எத்தனை நாள் நாற்று, எந்த மண்ணுக்கு எது, நட்டபின் என்ன செய்ய வேண்டும் என்று விவசாயி கேட்கிற கேள்விகளையெல்லாம் அந்தம்மாவிடம் ஃபோனில் கேட்டுக் கேட்டு, மெஷினால் வாசிக்க முடிகிற எழுத்தில் எழுதினேன். கேட்டதற்கெல்லாம் பதில் டக்கென்று வந்தது. வாடல் நோய்க்குத் தாங்குகிற ரகம் எது, தட்டிலிருந்து நாற்றை எப்படி உருவ வேண்டும், நடுவதற்கு முந்தின நாள் ஏன் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இதையெல்லாம் எழுதாமல் மூத்தாரின் பல்லைக் காட்டி வியாபாரம் செய்யப் பார்த்தார்களே என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

பேச்சோடு பேச்சாக அவர் மூன்று தடவை கேட்டார். ஒரு எட்டு வந்து பண்ணையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். பஸ் இருக்கிறது, மேம்பாலத்துக்குக் கீழே இறங்கினால் தன் கணவர் பால் வண்டியில் வந்து ஏற்றிக்கொள்வார் என்றார். மூன்று தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். இந்த வேலைக்கு இடத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இங்கே உட்கார்ந்தே உலகத்தைப் பார்க்கலாம் என்றேன். சொன்னபோது எனக்கே அது பிடித்திருந்தது.

மேப்பில் அவர்கள் பதிவு செய்திருந்ததையும் சரிபார்த்தேன். பெயர் சரி. ஊர், தாலுகா, அஞ்சல் எல்லாம் சரி. வானத்திலிருந்து எடுத்த படத்தில், பழுப்பு நிலத்துக்கு நடுவே ஒரு மண்பாதை, அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. இந்த ஊர்க்காடெல்லாம் மேலேயிருந்து பார்த்தால் ஒரே மூஞ்சிதான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

புரட்டாசி நடுவில் என் ஃபோனில் தக்காளி நாற்று என்று அடித்தேன். முதலில் வந்தது. மிளகாய் நாற்று என்று அடித்தேன். அதுவும் முதலில். மறுநாளும் முதலில். அதற்கடுத்த நாளும் முதலில். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து பத்தே நாளில் முதல் பக்கம் என்று கதை அளக்கிறவன்கள் எல்லாம் என்னிடம் வந்து பாடம் படிக்கட்டும் என்று தோன்றியது.

நாற்று தயாரான மறுநாள் அந்தம்மா ஃபோன் செய்தார்.

"யாரும் வரலியேண்ணே."

வராமல் எப்படி என்று நான் கேட்டேன். பண்ணைக்கு வழி காட்டு என்று எத்தனை பேர் மேப்பை அமுக்கினார்கள் என்பது என் கம்ப்யூட்டரில் தெரியும். தினமும் இரண்டு மூன்று பேர் அமுக்கியிருந்தார்கள். நான் எண்ணிக்கையோடு சொன்னேன். அவர், இங்கே ஒரு வண்டியும் வரவில்லை என்று மறுபடி சொன்னார். நீங்கள் கொட்டகைக்குள் இருந்தால் வந்தவன் எப்படித் தெரியும், வாசலில் நாற்காலி போட்டு ஆளை உட்காரவையுங்கள், ஃபோனை இடுப்பில் சொருகிக்கொண்டு களை பிடுங்கினால் மணி கேட்காது என்றெல்லாம் உபதேசம் செய்தேன். சரிண்ணே என்று வைத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் என் சுவரிடம் சொன்னேன். இதற்கிடையில், வருகிற ஃபோனை இவர்கள் எடுக்க மாட்டார்கள் என்று நானே தீர்மானித்து, வெப்சைட்டில் அவர் நம்பருக்குக் கீழே என் நம்பரையும் போட்டுவைத்தேன்.

அந்த வாரத்தில்தான் முதல் ரிவ்யூ வந்தது. ஐந்து ஸ்டார். "அமைதியான இடம். நல்ல தரிசனம். வேப்பமரக் காற்று அருமை." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நாற்றுப் பண்ணையில் தரிசனமாம். எங்கே என்ன எழுதுவது என்று தெரியாத இன்னொரு மாமன், இன்னொரு மச்சான். டீக்கடையில் டயர் கடைச் சம்பந்திக்கும் ஆமென்காரருக்கும் பக்கத்தில் இதையும் சேர்த்துக்கொண்டோம். ஒருத்தன் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

அந்தம்மா நான்கு நாள் கழித்து மறுபடி ஃபோன் செய்தார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. வாசலில் நாற்காலி போட்டு மாமியாரை உட்காரவைத்திருப்பதாகவும், பழைய ஆட்கள் ரெண்டு பேர் வந்து கொஞ்சம் மிளகாய் நாற்று எடுத்ததாகவும், தக்காளி அப்படியே நிற்பதாகவும் சொன்னார். நிலக்கோட்டையில் இருக்கிற தன் தங்கச்சி ஃபோனில் தேடிப் பார்த்ததில் பண்ணை வரவேயில்லை என்றும் சொன்னார். உங்கள் தங்கச்சிக்குத் தேடத் தெரியாது என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது, கீழே உரக்கடைக்காரர் என்ன சார் சண்டையா என்று கேட்டபோது தெரிந்தது. இப்போது என் ஃபோனில் பார்க்கிறேன், முதலில் நிற்கிறது என்றேன். நின்றது.

ஐப்பசி பிறந்து மழையும் இறங்கிய பிறகு ஒரு காலையில் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

"ஏலே, யாருலே பேசுறது? தக்காளி நாத்து குடுக்கிறோம்னு போட்டுட்டு, பூட்டுன கோயில் முன்னாடி கொண்டாந்து நிப்பாட்டிட்டியே" என்றது ஒரு வயசான குரல்.

எந்தக் கோயில் என்று கேட்டேன். குஜிலியம்பாறைக்கு அங்கிட்டு, கருவேலங்காட்டுக்குள்ளே ஒரு கோயில் என்றார். டிராக்டரோடு வந்திருக்கிறாராம். மேப் சொன்ன பாதையில் வந்தாராம். சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அது சொல்லிவிட்டதாம். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொரு குரல் ஃபோனை வாங்கியது. பூசாரி.

"அப்பு, நீங்க யாருன்னு தெரியல. தெனம் ஒரு வண்டி ரெண்டு வண்டி இங்க வரத்தான் செய்யுது. வந்து நாத்துன்னு கேக்குறாக. சாமி எடத்துக்கு வந்தவகள வெறுங்கையா அனுப்ப முடியுமா? வேடசந்தூர்ப் பக்கம் என் மச்சினன் நாத்து போட்டிருக்கான். விபூதி குடுத்து அங்கிட்டு அனுப்பி விட்டுருவேன்."

எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. சந்தனம், குங்குமம், தாம்பாளம். மேப்பில் கடையைப் பதிவு செய்கிறபோது, நீங்கள் இப்போது நிற்கிற இடம்தான் கடையா என்று அது கேட்கும். நல்ல நேரத்தில், தீபாராதனை வெளிச்சத்தில், குலசாமி முன்னால் நின்றுகொண்டு அந்தம்மா ஆமாம் என்று அமுக்கியிருக்கிறார். சாமி முன்னால் இல்லை என்று யார் சொல்வார்கள்? அவர்களுடைய முன்னோர் தண்ணீர் தேடி அந்த வறட்டுக் காட்டை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள். சாமி அங்கேயே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்கள். எழுதிய முகவரி சரி, குத்திய புள்ளி அறுபது கிலோமீட்டர் தள்ளி. நிலக்கோட்டையிலும் சின்னாளப்பட்டியிலும் பக்கத்தில் நாற்று எங்கே கிடைக்கும் என்று தேடினவனுக்கு இந்தப் பண்ணை தெரியவே தெரியாது, ஏனென்றால் அது பக்கத்தில் இல்லை. வானம் பார்த்த பூமியான குஜிலியம்பாறைக்குத்தான் பண்ணை முதலில் தெரிந்திருக்கிறது. அங்கே தக்காளி நடுகிறவன் எத்தனை பேர்?

என் ஃபோனில் மட்டும் அது முதலில் வந்தது. நான்தான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தேனே. பல்லி ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம், தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

புள்ளியை நகர்த்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அது உடனே நகராது, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. அந்த வரி ஐந்து நாள் நின்றது. யாரைப் போய்த் திட்டுவது? அந்தப் பரிசீலனை செய்கிறவனுக்கு முகம் கிடையாது, நம்பர் கிடையாது.

அன்று மத்தியானமே பண்ணைக்குக் கிளம்பினேன். வழி கேட்டபோது அந்தம்மா ஃபோனில் ரெண்டே வரியில் சொன்னார். மேம்பாலம் ஏறாம கீழயே வாங்கண்ணே, மாதா செல வச்ச கெபி தாண்டி எடதுபக்க மண்ரோடு, பச்ச வல தெரியும் என்றார். ஒரு இடத்திலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தேன். வண்டியில் போகும்போதே ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். தப்பு நீங்கள் செய்தது, கோயிலில் நின்று அமுக்கினது நீங்கள், வெப்சைட் என்ன தேரா வடம் பிடித்து இழுக்க என்று ஆரம்பிக்கிற மாதிரி.

கொட்டகைக்குள் நுழைந்தேன். நான் அதற்குமுன் முத்தின நாற்றைப் பார்த்ததில்லை. என் மேசைக்கு வந்த தட்டில் விரல் நீளத்துக்குக் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. இங்கே முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, வெளிறிப்போய், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. வேர் குழியின் அடி வழியாக வெளியே வந்து தொங்கியது. தட்டிலேயே மஞ்சளாகப் பூ வைத்திருந்தது. நடுவதற்கு முன்னாலேயே பூத்துவிட்ட தக்காளியை எவனும் வாங்க மாட்டான், காய் பிடிக்காது. கொட்டகையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை வரிசை வரிசையாக அப்படியே பூத்து நின்றது.

அந்தம்மா தட்டுகளைக் கவிழ்த்து நாற்றைத் தட்டி ஒரு குவியலாகப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கண்ணே என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். வாசலில் மாமியாருக்குப் போட்டிருந்த அதே நாற்காலியாக இருக்கும். நான் உட்காரவில்லை. தயார் செய்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். புள்ளி கோயிலில் இருந்தது, வந்தவர்கள் எல்லாம் அங்கே போனார்கள், நீங்கள் அங்கே நின்று அமுக்கியதால் வந்த வினை என்று பாதி வரை சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் மொத நாளே சொன்னேன்லண்ணே, குலசாமி கோயில்ல வச்சுத் தொறந்தோம்னு. ஃபோட்டோ காமிச்சேன். நீங்கதான் சிரிச்சீங்க."

வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த வெட்கத்திலும் ஒரு கோபம் இருந்தது, அவர் என்னைத் திட்டியிருக்கலாமே என்று. அவர் திட்டவில்லை. காப்பி போடட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து ஒரு தட்டைக் கவிழ்த்தேன். அப்படிக் கவிழ்க்கக் கூடாது, ஓரத்தைத் தட்டிவிட்டுக் கவிழ்த்தால் தட்டு உடையாது, தட்டையாவது விற்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார். அதன்படி கொஞ்ச நேரம் செய்தேன். பால் வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு அவரும் கவிழ்த்தார்.

புள்ளி ஆறாம் நாள் சரியான இடத்துக்கு வந்தது. தீபாவளிக்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை. வந்த அன்றிலிருந்து வண்டிகள் வர ஆரம்பித்தன. சின்னாளப்பட்டியிலிருந்து வந்தார்கள், நிலக்கோட்டையிலிருந்து வந்தார்கள். நாற்று தீர்ந்துபோச்சா, அடுத்து எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தம்மா மூத்தாரிடம் இன்னும் ஒரு போகம் கேட்டார். வருகிற வண்டியைக் காட்டியே கேட்டார். மூத்தார், பேசினது பேசினதுதான் என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு மறுநாள் வலையைப் பிரித்துவிட்டார்கள்.

கார்த்திகையில் மூத்தாரே என் மாடிக்கு வந்தார். பேனரில் பார்த்ததைவிட ஆள் குட்டை. சிரித்த முகம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஃபோனை எடுத்து நீட்டி, பாருங்க தம்பி, நம்ம எடம் மொதல்ல வருது என்றார். பண்ணையைத் தேடி இன்னும் தினமும் நாலு வண்டி வருகிறதாம். வருகிறவனெல்லாம் கையில் காசும் காடும் உள்ள ஆள்.

"தம்பி, நீங்க செஞ்சது நல்ல வேல. ஆளுக வழி கேக்காமலே வந்து நிக்கிறாக. இனிமே நீங்க ஒண்ணும் மெனக்கெட வேணாம். நாத்துங்கிற பேர மட்டும் எடுத்துட்டு மனைன்னு போட்டுருங்க, போதும்."

முடியாது என்றேன். அவர் காரணம் கேட்டார். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், பூத்த நாற்றைப் பற்றிச் சொன்னேன், அந்தம்மாவைப் பற்றிச் சொன்னேன். கீழே உரக்கடையில் பேச்சு நின்றது. மூத்தார் கோபப்படவில்லை. நான் கத்தி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். அந்த மேதை அன்றைக்கே மேப்பில் பேரை மாற்றிவிட்டான். இப்போது அங்கே வண்ணக் கொடி கட்டி, கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் நிற்கின்றன. எல்லோரும் நான் குத்திய புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஒருவர்கூட வழி தவறிப் போகவில்லை.

அந்தம்மா இப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு, மில் வண்டியில் போய் வருகிறார் என்று கேள்வி. நான் விசாரித்து ஃபோன் செய்யவில்லை. என்ன கேட்பது?

மேப்பில் பெயரை மாற்றினார்கள், வெப்சைட்டை யாரும் தொடவில்லை. கட்டின பணத்தின் கெடு முடிகிற வரை அது நெட்டில் கிடக்கும். எந்த ரகம் எந்த மண்ணுக்கு, தட்டிலிருந்து எப்படி உருவ வேண்டும், முந்தின நாள் ஏன் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று அந்தம்மா சொன்னதெல்லாம் சொன்னபடியே இருக்கிறது. டீக்கடைக்கு இப்போதும் போகிறேன். ஆமென்காரர் கதையை யாராவது எடுத்தால் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். போன வாரம், அந்த வெப்சைட் இன்னும் தெரிகிறதா என்று உரக்கடைக்காரரிடம் அவர் ஃபோனை வாங்கி, தக்காளி நாற்று என்று அடித்துப் பார்த்தேன். எட்டுப் பக்கம் தள்ளியும் வரவில்லை. மாடிக்கு வந்து என் ஃபோனில் அடித்தேன். முதலில் வந்து நின்றது.